பொத்தான் கம்பெனியின் டைப்பிஸ்ட்

பொத்தான் கம்பெனியில் வேலை பார்த்த பதினோரு பேரில் பத்துப் பேர் பிறக்காதவர்கள். மீதி ஒருவர் கம்பெனியின் முதலாளி. நல்ல குடும்பத்தில், பகல் பதினொன்றரை மணிக்கு, நான்கு பேர் அறியப் பிறந்தவர். பிறக்காதவர்களின் விவரம் வருமாறு: மேனேஜர் ஒருவர், டைப்பிஸ்ட் ஒருத்தி, சரக்கறைப் பொறுப்பாளர் ஒருவர், விற்பனைக்கு அலைகிறவர்கள் இருவர், பார்சல் கட்டுகிறவர் ஒருவர், பியூன் ஒருவர், வண்டி இல்லாத டிரைவர் ஒருவர், வாட்ச்மேன் ஒருவர், எப்போதும் லீவில் இருக்கிற ஒருவர். ஆறு வருஷத்தில் இவர்கள் ஒருவர்பின் ஒருவராக வேலைக்குச் சேர்ந்தார்கள். யாரும் தாமதமாக வந்ததில்லை, யாரும் சண்டை போட்டதில்லை. பிறந்தவர்களை வைத்துக் கம்பெனி நடத்துகிற எத்தனையோ பேருக்குக் கிடைக்காத ஒழுங்கு அது.

முதலாளி அதற்கு முன்னால் ஒரு பொத்தான் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் விற்பனைக்காரராக இருந்தார். இரண்டு துளைப் பொத்தான், நான்கு துளைப் பொத்தான், கோட்டுக்குத் தைக்கிற காம்பு வைத்த பொத்தான், எல்லாவற்றையும் ஒரு சாம்பிள் அட்டையில் வரிசையாகத் தைத்துக் கையில் வைத்திருப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்குப் போனபோது தொழிற்சாலையின் ஷட்டர் இறக்கியிருந்தது. ஷட்டரில் ஒட்டியிருந்த காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, பூங்காவில் ஐந்தரை மணிவரை உட்கார்ந்திருந்து, வழக்கமான நேரத்துக்கு வீடு வந்து, காலணியைக் கழற்றி நேராக வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: "இனிமே யார்கிட்டயும் கை கட்டி நிக்க வேண்டியதில்லை. சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சிட்டேன்."

"எப்போ?" என்று கேட்டாள் மனைவி.

"இன்னைக்குத்தான்."

விஷயம் அதோடு முடிந்தது. காரணம், அந்தக் குடும்பத்தில் ஒரு விஷயத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். இரண்டாவது கேள்வி கேட்டால் முதல் பதிலை நம்பவில்லை என்று ஆகும். நம்பவில்லை என்றால் எதிரில் இருப்பவரைப் பொய்யர் என்று முகத்துக்கு நேராகச் சொன்னதாக ஆகும். இப்படிச் சட்டம் வைத்தவர் முதலாளியின் தகப்பனார். அவர் இருந்தவரைக்கும் அந்த வீட்டில் குரல் உயர்ந்ததே இல்லை. வாக்கப்பட்டு வந்த முதல் வாரமே முதலாளியின் மனைவிக்கு, அதாவது அந்த வீட்டு மருமகளுக்கு, இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அவளும் ஒருநாளும் பிசகாமல் நடந்தாள். ஆனால் அன்றைக்கு அவசரத்தில், இருந்த ஒரு கேள்வியை 'எப்போ' என்பதில் செலவழித்துவிட்டாள். 'எப்படி' என்றோ 'எதை வைத்து' என்றோ கேட்டிருக்கலாம் என்று அடுப்படிக்குப் போன பிறகுதான் தோன்றியது. தோன்றி என்ன பயன்.

வீட்டுச் செலவு எப்படி நடந்தது என்று கேட்கிறவர்கள் உண்டு. பெரியவர் விட்டுப்போன இரண்டு கடைகளுக்கு வாடகை வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் பேசுவது மரியாதை இல்லை.

அந்தப் பெரியவரைப் பற்றி இன்னொன்றும் எழுதிவைக்க வேண்டும். அவர் வாயால் சொன்னது எதுவும் பொய்த்ததில்லை. ஒருமுறை வந்த விருந்தாளிகளிடம், எங்கள் வீட்டு மாடிப்படி இருபத்தொன்று என்று சொல்லிவிட்டார். இருந்தது பதினெட்டு. மறுநாள் காலையில் எண்ணியபோது இருபத்தொன்று இருந்தது. மேலே சேர்ந்த மூன்று படிகளும் எங்கேயும் போகவில்லை, கூரையில் போய் முட்டிக்கொண்டு நின்றன. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். வேலை சுத்தமாக இருக்கிறது, இதில் தான் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். இன்றைக்கும் அந்த மூன்று படிகளில் மடித்த துணி வைத்திருக்கிறார்கள். தகப்பனாரின் இந்தக் குணம் மகனுக்கும் வந்திருக்கிறது என்பது நெடுநாள் யாருக்கும் தெரியாது, மகனுக்கே தெரியாது. அதற்கு முன்னால் அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை.

கம்பெனிக்கு ஓர் அறை இருந்தது. அது நிஜம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், பல் வைத்தியரின் அறைக்கு எதிர் அறை. கதவின் மேல்பாதி கண்ணாடி. உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், இணைப்பு இல்லாத ஒரு தொலைபேசி. ஆரம்பித்த மூன்றாம் மாதம் முதலாளி தன் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனார். கொடுத்துவிட்டு வரலாம் என்று மருமகள் கிளம்பி, மூன்று மாடி ஏறி, கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் அந்தப் பழைய சாம்பிள் அட்டை மட்டும் இருந்தது. அதிலிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். கடைசிப் பொத்தானுக்கு வந்ததும் திரும்பவும் முதலிலிருந்து தொட்டார். எதிர் அறையில் யாருக்கோ பல் ராவிக்கொண்டிருந்தார்கள். மருமகள் கதவைத் தட்டவில்லை. இறங்கி வீட்டுக்கு வந்து, கண்ணாடியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வருமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள், அதுவும் வரவில்லை. காய்கறி நறுக்கினாள்.

"கண்ணாடியை மறந்துட்டுப் போயிட்டீங்க" என்றாள் சாயங்காலம்.

"அதை ஏன் கேக்கற. வேலையில அது ஞாபகமே வரல. மூணு பார்ட்டி வந்துட்டாங்க. சமாளிக்க முடியல, ஒரு மேனேஜரைப் போட்டாத்தான் சரியா வரும்."

அந்த வாரமே மேனேஜரைப் போட்டார். இப்படித்தான் ஆள் எடுப்பு நடந்தது. ஒவ்வொரு நாளும் சாப்பிட உட்கார்ந்ததும் கம்பெனியைப் பற்றிச் சொல்வார். மேனேஜர் கறார் பேர்வழி. சரக்கறைப் பொறுப்பாளருக்குக் காது மந்தம், ஆனால் பொத்தானைக் குலுக்கினால் எத்தனை என்று சொல்லிவிடுவார். லீவில் இருப்பவருக்கு ஏதோ குடும்பக் கஷ்டம், கேட்கவில்லை. சரக்கு மட்டும் எப்போதும் வழியில் இருக்கும். "சரக்கு வழியில இருக்கு, வந்துடும்" என்று ஆறு வருஷமும் சொன்னார்; அவர் சொன்னபடியே அந்தச் சரக்கு இன்றுவரை வழியில்தான் இருக்கிறது. மருமகள் எதிரில் உட்கார்ந்து பரிமாறுவாள், கேட்டுக்கொள்வாள். எல்லாம் கட்டுக்கதை என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தக் கம்பெனி அன்றைக்கே இழுத்து மூடப்படும்; அதுவும் தெரியும். ஆனால் மூடிவிட்டால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த மனுஷன் எங்கே போவார்? அதனால் சொல்லவில்லை. அவள் அவரை ஏமாற்றவில்லை, தெரியாததுபோல் இருந்தாள், அவ்வளவுதான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளே சில சமயம் யோசித்ததுண்டு.

அடுத்த தெருவில் கட்டிக்கொடுத்திருந்த நாத்தனார் வாரம் ஒருமுறை வருவாள். முதலாளியின் தங்கை, உட்கார்ந்த இடத்திலேயே ஊரைக் கூட்டிவிடுகிற வாய்.

"அண்ணன் பொத்தான் கம்பெனி வச்சிருக்கு. அண்ணன் சட்டையில மேல ரெண்டு பொத்தானைக் காணோம். இதை எங்க போய்ச் சொல்றது அண்ணி?"

"சரக்கு வழியில இருக்காம்மா."

"எந்த வழியில வருது, ஆமை முதுகுல ஏத்தி அனுப்பினாங்களா?"

மருமகள் சிரித்து வைப்பாள். சிரிப்பது எளிது, பதில் சொல்வதைவிட.

டைப்பிஸ்ட் சேர்ந்தது ஐந்தாம் வருஷம். அவளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் முதலாளியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. முன்பு சாம்பிள் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வந்த காலத்தில் இருந்த வெளிச்சம். அந்தப் பொண்ணு ஒரு நாளைக்கு நாற்பது கடிதம் அடிக்கிறாள். அந்தப் பொண்ணு நான் என்ன சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நல்ல உயரம். இன்னொரு நாள், குள்ளமாக இருந்தாலும் சுறுசுறுப்பு. கண்ணாடி போட்டிருக்கிறாள்; வேறொரு நாள், அந்தக் கண்ணைப் பார்த்தால் கண்ணாடியே தேவைப்படாத கண். மருமகள் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லாத ஒருத்தியைப் பற்றிப் பொறாமைப்படுவது அறிவில்லாத காரியம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த வெளிச்சம் இருந்தது. அதை அவள் கண்ணால் பார்த்தாள். அது ஆறு வருஷமாக அவளைப் பார்த்து வந்ததில்லை.

ஒருநாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள், "அந்த டைப்பிஸ்ட்டை அனுப்பிடுங்க."

முதலாளி சாப்பிடுவதை நிறுத்தினார். கட்டிய நாள் முதலாக அவள் எதையும் கேட்டு அவர் மறுத்ததில்லை.

"ஒழுங்கா வேலை செய்யற பொண்ணு. காரணமில்லாம எப்படி அனுப்பறது? நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவாங்க. நம்ம குடும்பத்துக்கு அது அழகில்லை. முடியாது."

அந்த நேரத்தில் அவள் சொல்லியிருக்கலாம். அப்படி ஒருத்தியே இல்லையே, அனுப்புவதற்கு என்ன இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். இல்லாத ஒரு பெண்ணுக்காகத் தன்னை மறுத்த கணவனை, அவனுடைய பெயர் கெடாமல் இருப்பதற்காக ஜெயிக்க விட்டவள் அவள். குடும்பம் தலை நிமிர்ந்து நிற்பது இப்படிப்பட்டவர்களால்தான். ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம் நாத்தனார் வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"அண்ணி, கண்ணாடிக் கடை மாடிப்படிக்குக் கீழ ஒருத்தி நிக்கறா. காலையில பார்த்தேன், மத்தியானம் மேல போயிட்டா, சாயங்காலம் பார்த்தா திரும்ப அங்கயே நிக்கறா. யாரும்மா நீன்னு கேட்டேன். பொத்தான் கம்பெனி டைப்பிஸ்ட்டுங்கறா. நீங்க இங்க உக்காந்து பயறு பொறுக்கிட்டிருக்கீங்க."

"உயரமா?"

"உயரம்தான். இல்ல, குள்ளம். என்னவோ, சரியா ஞாபகம் வரல."

மருமகள் பயற்றைப் பொறுக்கி முடித்தாள். ஏழெட்டுக் கல் இருந்தது.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு டைப்பிஸ்ட் வீட்டுக்கே வந்தாள். வாசலில் நின்றபோது நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது உடையின் விளிம்பு தரைக்கு எட்டாத குள்ளம். கண்ணாடி கழுத்தில் கயிறு கட்டித் தொங்கியது; போட்டுக்கொண்டாள், உடனே கழற்றினாள், திரும்பப் போட்டுக்கொண்டாள். உடைக்குக் கீழே பாதம் இல்லை. பாதத்தைப் பற்றி முதலாளி எதுவும் சொன்னதில்லை. இருந்தாலும் நன்றாகவே நடந்தாள், சத்தம் மட்டும் வரவில்லை. மருமகள் டீ போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் இருப்பது வழக்கம் இல்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்கக்கா" என்றாள் டைப்பிஸ்ட். "சார்கிட்டச் சொல்லி எனக்கு ஒரு வீடு சொல்லச் சொல்லுங்க."

"வீடா?"

"ஆபீஸ்ல நான் என்ன பண்றேன்னு மட்டும்தான் சார் சொல்றார். அஞ்சரைக்கு மேல எங்க போறேன்னு சொல்லவே இல்ல. நான் மாடிப்படிக்குக் கீழ நின்னுக்கிட்டே இருக்கேன். மழை பெஞ்சா நனையறேன். ஒரு வருஷமாச்சு."

மருமகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுப்பு வருமென்று நினைத்து வைத்திருந்தாள், தேடினாள், காணவில்லை.

"சார் உன்கிட்ட நல்லாப் பேசுவாரே. நீயே கேட்டிருக்கலாமே."

"எங்கக்கா பேசறார். ஆபீஸ்ல யார்கிட்டயும் ஒரு வார்த்தை கிடையாது. ஜன்னல் வழியா வெளிய பார்த்துட்டு உக்காந்திருப்பார். எங்களைப் பத்தி அவர் பேசறதெல்லாம் இங்க வந்துதான், உங்ககிட்டதான்." டைப்பிஸ்ட் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டாள். "அதுவும் நான் விழுந்து விழுந்து சிரிக்கறேன்னு வேற சொல்லிட்டார். ஒண்ணும் பேசாத மனுஷனைப் பார்த்து நாள் பூரா சிரிக்கறேன். தாடை விட்டுப்போச்சு. அடிக்கற கடுதாசியைப் பாருங்க."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். மேலே 'ஐயா' என்று இருந்தது, கீழே 'இப்படிக்கு' என்று இருந்தது, நடுவில் ஒன்றுமில்லை. நாற்பது கடிதம் என்று சொன்னவர் கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை. மருமகள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். இத்தனை நாளும் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டாளோ அவளுடைய நிலைமை தன்னுடையதைவிட ஒரு படி கீழே இருந்தது. அந்த ஆறுதல்கூட அவளுக்குச் சந்தோஷம் தரவில்லை.

ஒரு விஷயத்துக்கு ஒரு கேள்வி. இந்த முறை அவசரப்படவில்லை. மூன்று நாள் மனதுக்குள் வைத்து உருட்டிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் நல்ல மனநிலையில் கை கழுவி வந்தபோது கேட்டாள்: "அந்த டைப்பிஸ்ட் பொண்ணுக்கு வீடு எங்க?"

முதலாளி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அனுப்பிவிடச் சொன்னவள் இப்போது வீடு கேட்கிறாள். சந்தேகம் இன்னும் போகவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். அதனால் பதிலை ஒரேயடியாகப் பெரிதாகச் சொன்னார். "அவ கல்யாணம் ஆனவ. ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ரெண்டு அறை வச்ச மாடி வீடு. புருஷன்காரர் ரொம்பத் தங்கமானவர். அவரும் சொந்தமா ஒரு கம்பெனி வச்சிருக்கார்."

பத்து நாள் கழித்து டைப்பிஸ்ட் திரும்ப வந்தாள். நனைந்திருக்கவில்லை, முகம் தெளிந்திருந்தது; ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தாள். வீடு நன்றாக இருக்கிறது, காற்று வருகிறது, புருஷன் குரலை உயர்த்திப் பேசுவதில்லை என்றாள். பிறகு பழத்தை மருமகள் பக்கம் தள்ளி வைத்தாள். மருமகள் ஒரு தட்டு எடுத்து வந்தாள்.

"அவர் காலையில ஒன்பது மணிக்குப் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறார்க்கா. அஞ்சரைக்கு மேல வர்றார். என்ன கம்பெனின்னு கேட்டா நல்லாப் போகுதுங்கறார். ஆளுங்களைப் பத்திக் கதை கதையாச் சொல்றார். ஒரு ஆள் எப்பவும் லீவாம். எனக்கு என்னவோ உறுத்துது. போய்ப் பாத்துட்டு வரவா?"

அந்தக் கணத்தில்தான், ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாததை மருமகள் வாய் திறந்து சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவள் பிறக்காதவள் என்பதால் சொல்வது சுலபமாக இருந்ததோ என்னவோ.

"நான் போய்ப் பார்த்தேன். மூணாம் மாசம். கண்ணாடி கொடுக்கப் போனேன்."

"என்ன இருந்தது?"

"மேஜை. நாற்காலி. அவர்."

"என்ன பண்ணீங்க?"

"திரும்பி வந்துட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

டைப்பிஸ்ட் கண்ணாடியைக் கழற்றினாள். போட்டுக்கொண்டாள். "அப்ப நானும் போக வேணாங்கறீங்களா?"

மருமகள் பழத்தை ஒன்றொன்றாகப் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். "போ" என்றாள். "போய்ப் பாரு. ஆனா என்ன மாதிரி கதவுக்கு வெளிய நின்னு பார்த்துட்டுத் திரும்பிடாத. உள்ள போயிடு. உள்ள போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துடு. அவர் ஏதாவது சொல்லுவார். சொல்லலைன்னாலும் பரவால்ல."

சொல்லி முடித்த பிறகு, தான் சொன்னது தன் காதிலேயே கொஞ்ச நேரம் நின்றது. டைப்பிஸ்ட் போன பின்பும் நின்றது. தட்டைக் கழுவினாள், துணி மடித்தாள், மாடிப்படியின் கடைசி மூன்று படிகளில் கொண்டுபோய் வைத்தாள், கூரையில் தலை தட்டாமல் குனிந்து இறங்கினாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை முதலாளி வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றி, நேராக வைக்காமல் விட்டார். சாப்பிட உட்கார்ந்து பாதித் தட்டு முடிகிறவரை பேசவில்லை. பிறகு, "டைப்பிஸ்ட் வேலையை விட்டுட்டா" என்றார். "அவ புருஷன் கம்பெனிக்கே போறாளாம். மேஜைமேல ஒரு கடுதாசி வச்சுட்டுப் போயிட்டா." அவர் சொல்லாமல் அந்தக் கம்பெனியில் நடந்த முதல் காரியம் அது. கையில் எடுத்ததை வாயில் போடாமல் வைத்திருந்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டிருந்தது. அதற்குப் பின்னால் மருமகள் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்த முகம் இருந்தது.

மனதில் வந்த கேள்வியைக் கேட்டால் அவர் உடைந்துபோகலாம். தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள் என்று ஒரு நொடியில் புரிந்துவிடும். ஆறு வருஷமும் அவளுக்குத் தெரியும் என்பது அதற்கடுத்த நொடியில் புரியும். பிறகு காலை ஒன்பது மணிக்கு அவர் எழுந்து சட்டை போடுவாரா என்பது நிச்சயமில்லை. கேட்காவிட்டால் இன்னும் இருபது வருஷம் எதிரில் உட்கார்ந்து பரிமாறலாம். மருமகள் கையை முந்தியில் துடைத்துக்கொண்டாள்.

"அந்த இடத்துக்கு ஆள் வேணுமா? கல்யாணத்துக்கு முன்னாடி நான் டைப் அடிக்கப் பழகியிருக்கேன்."

முதலாளி நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தார். தட்டில் மீதி இருந்ததை முழுதும் சாப்பிட்டார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். தண்ணீரைக் குடித்தார், டம்ளரை வைத்தார், டம்ளரை ஒரு விரற்கடை தள்ளி வைத்தார். அந்த வீட்டில் இரண்டாம் முறை கேட்க முடியாது.

"நாளைக்கு ஒன்பதரைக்கு வரச் சொல்லு" என்றார் கடைசியில். எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு முதலாளி கிளம்பினார். மருமகள் பத்து நிமிஷம் பொறுத்து, கதவைப் பூட்டி, தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்தாள். முதலாளியும் டைப்பிஸ்ட்டும் ஒன்றாக வந்து இறங்கினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதற்கு இடம் கொடுக்கிற குடும்பம் இல்லை. மூன்று மாடி ஏறினாள். கதவுக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கவில்லை. நேராகக் கைப்பிடியைத் திருகி உள்ளே போனாள். உள்ளே எல்லோரும் இருந்தார்கள். கறாரான மேனேஜர் எழுந்து மணியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சரக்கறைப் பொறுப்பாளர் எதையோ காதருகில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். விற்பனைக்காரர்கள் இருவரும் கிளம்பத் தயாராக நின்றார்கள். லீவில் இருப்பவரின் நாற்காலி காலியாக, துடைத்துச் சுத்தமாக இருந்தது. அந்த ஒரு ஜன்னல் அறைக்குள் இவ்வளவு பேர் எப்படி அடங்கினார்கள் என்று பல் வைத்தியர் பிற்காலத்தில் கேட்டதுண்டு. அடங்கினார்கள், அவ்வளவுதான். முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடத்தின் சுவர் தவிர வேறெதுவும் இல்லை என்பதை மருமகள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்து தாளைச் செருகினாள். 'ஐயா' அடித்தாள். நடுவில் எழுத அவளிடம் நிறைய இருந்தது. முதல் நாளே வேண்டாம் என்று விட்டுவிட்டு 'இப்படிக்கு' அடித்தாள். விரலுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் பதினொரு கடிதம்தான் முடிந்தது. முதலாளி எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். நாள் முழுவதும் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஐந்தே காலுக்கு அவள் கிளம்பி, முன்னதாக வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டினாள். ஐந்தரைக்கு மேல் அவர் வந்து காலணியைக் கழற்றி நேராக வைத்தார்.

"புது டைப்பிஸ்ட் வந்துட்டா" என்றார், சாப்பிட உட்கார்ந்ததும்.

மருமகள் பரிமாறிக்கொண்டிருந்தாள். "ம்."

"முதல் நாள் பாரு, கொஞ்சம் மெதுவா அடிக்கறா. பரவால்ல, பழகிடும். அமைதியான பொண்ணு." அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே இருந்தவரின் முகத்தில், அந்தப் பழைய வெளிச்சம் ஓரமாக ஏறிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்தவளைத் தாண்டி எங்கேயும் பார்க்காமல், அவளைப் பார்த்தே சொன்னார்: "ஆனா அடிக்கும்போது வாய்க்குள்ளயே ஏதோ பாடிக்கிட்டே இருக்கா. என்ன பாட்டுன்னு தெரியல. நல்லாத்தான் இருக்கு."

அவள் அன்று பாடவில்லை. கட்டி வந்த நாள் முதலாகப் பாடியதில்லை. குரல் எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு ஞாபகமில்லை. அவருக்கு இன்னொரு கரண்டி வைத்துவிட்டுத் தனக்கும் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்தே காலுக்கு, நாலாவது கடிதத்தின் 'ஐயா'வுக்கும் 'இப்படிக்கு'க்கும் நடுவில், பாட்டு வந்தது. அவளுக்குத் தெரிந்த பாட்டு அல்ல. வாயை இறுக மூடிப் பார்த்தாள். மூக்கு வழியாக வந்தது. தண்ணீர் குடித்தாள், தொண்டைக்குக் கீழிருந்து வந்தது. மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் தடுப்பதை விட்டுவிட்டாள். இரண்டாவது அடி நன்றாக இருந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர் திரும்பவில்லை; மேஜைக்கு அடியில் அவருடைய வலது கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பியூன் டீ கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போகிறவரை அவள் பாடிக்கொண்டே அடித்தாள்.